பக்கம் நூற்றுப் பதின்மூன்று

செல்வராணி இதுவரை வாசித்துப் பதிவு செய்த புத்தகங்கள் முப்பத்தொன்று. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு மணி நேரம். அத்தனை நேரத்தில் அவர் மாட்டிக்கொண்டது பதினொரு விநாடியில்.

வயது ஐம்பத்தெட்டு. ஜொகூரின் தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தரப் பரிசோதனை வேலை. பச்சை மின்சுற்றுப் பலகைகளை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, பற்றவைப்பு சரியில்லாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். "மூணு சூப்பர்வைசர ஏமாத்தலாம், ராணி அக்காவ ஏமாத்த முடியாதுலா" என்று லைனில் நின்ற பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். குறையுள்ள ஒரு பலகைகூடத் தன் மேசையைத் தாண்டிப் போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

வாசிப்பு வேலைக்கு அவர் வந்தது 2016-இல். குளுவாங்கில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் 'செவிவழி ஊழியம்' என்று ஒற்றை அறை அலுவலகம் இருக்கிறது. பார்வையில்லாத தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகத் தியான நூல்களையும், விசுவாசிகள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் சாட்சி நூல்களையும் ஒலிப்பதிவாக்கி, மெமரி கார்டில் ஏற்றி, பெரிய பொத்தான்கள் வைத்த சிறிய பெட்டியோடு அனுப்புகிறார்கள். பாலோவிலிருந்து பொந்தியான் வரை எழுபது பேர் கேட்கிறார்கள். நடத்துபவர் ஹேமநாதன். கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

அங்கே வாசிப்பவரின் பெயர் பதிவில் வரக்கூடாது. செல்வராணி வெறும் 'பெண் குரல் மூன்று'. கேட்பவர்கள் அவரை மூணாம் நம்பர் சிஸ்டர் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும்; ஜெபக்கூட்டத்தில் நாற்பதாம் பக்கம் என்றால் பார்வையில்லாதவரும் அங்கே போய் நிற்க வேண்டுமல்லவா. தாள் கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். படம் இருந்தால் என்ன படம் என்று சொல்ல வேண்டும். தப்பாக வாசித்துவிட்டால் பலமாக ஒரு கைதட்டு. பின்னால் வெட்டி ஒட்டும்போது அந்தத் தட்டு கணினித் திரையில் கம்பம்போல் உயர்ந்து நிற்கும், தேட வேண்டியதில்லை.

பதிவு நடப்பது வீட்டின் பின்னறையில். காலை பத்து மணிக்கு மேல் தாமான் குடியிருப்பு அமைதியாகிவிடும். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அறைச் சுவர் எதிரொலிக்காமல் இருக்க அலமாரியைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசிக்கச் சொல்லியிருந்தார் ஹேமநாதன். அந்த அலமாரியில் தொங்குபவை தீபனின் சட்டைகள்.

தீபன் செல்வராணியின் ஒரே மகன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடிவதற்கு முன்னே ஜொகூர் பாலத்தைக் கடக்கும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களில் அவனுடையதும் ஒன்று. 2019 செப்டம்பர் பதினேழாம் தேதி பாலத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னாலேயே, மழை ஈரத்தில் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டான். இருபத்து நான்கு வயது. அன்று மத்தியானம் யாரோ அவன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து வீட்டு கேட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைத்து வைத்திருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் செல்வராணி ஆமென் சொன்னார். அடுத்த ஞாயிறே கோயிலுக்குப் போனார், பாட்டுப் பாடினார். "என்னா விசுவாசம் பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பதிவையும் மறுபடி தொடங்கினார். கணவர் தங்கராஜு தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். அந்தச் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று இரண்டு தடவை கேட்டார். "எடுத்துட்டா ரூம் எதிரொலிக்கும்ங்க" என்றார் செல்வராணி. அது உண்மையும்கூட.

போன வருஷம் பிப்ரவரியில் அவர் கைக்கு வந்தது ஒரு பழைய சாட்சி நூல். ரப்பர் தோட்டத்து உபதேசியார் ஒருவரின் மனைவி எழுதியது, நூற்று எண்பத்தெட்டுப் பக்கம். மறுபதிப்பே வரவில்லை, அலுவலக அலமாரியில் இருந்த பிரதிதான் இருந்தது. ஒரு பக்கம் வாசிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் தடங்கலில்லாமல் போனது.

நூற்றுப் பதின்மூன்றில் அந்த அம்மாவின் ஏழு வயது மகன் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோகிறான்.

செல்வராணி முதல் வரியை வாசித்தார். இரண்டாவது வரியில் கைதட்டினார். மறுபடி தொடங்கினார், மறுபடி தட்டினார். ஒன்பது தடவை. அழுகை வரவில்லை, குரல்தான் நின்றுபோனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், பக்க எண்ணைச் சொன்னார், முதல் வரியை வாசித்தார், கண்ணைக் கீழே இறக்கி, "மழை நின்ற பிறகு நாங்கள் வேறு தோட்டத்துக்கு மாறினோம்" என்ற கடைசி வரிக்குப் போய்விட்டார். அடுத்து, "பக்கம் நூற்றுப் பதினான்கு."

ஹேமநாதன் அங்கங்கே தொட்டுக் கேட்டுவிட்டு, "சுத்தமா இருக்கு அக்கா" என்றார். கார்டுகள் போய்ச் சேர்ந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாதது நடந்துவிட்டது: குறையுள்ள பலகை ஒன்று மேசையைத் தாண்டிவிட்டது. ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியவரே தாண்டவிட்டார்.

இந்த வருஷம் மார்ச் மாதம் ஹேமநாதன் அவருடைய தொலைபேசி எண்ணை ஒருவருக்குக் கொடுக்க அனுமதி கேட்டார். லாயாங் லாயாங்கிலிருந்து கமலநாதன் என்பவர், மூணாம் நம்பர் சிஸ்டரிடம் நேரடியாகப் பேச வேண்டுமாம். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று செல்வராணி நினைத்தார். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க குரல நான் எட்டு வருஷமா கேக்குறேன். நேர்ல பேசுறப்ப கொஞ்சம் வேகமா இருக்கு."

"வாசிக்கிறப்ப மெதுவாப் போகச் சொல்லிட்டாங்க பிரதர்" என்று செல்வராணி சிரித்தார்.

"அந்த உபதேசியார் சம்சாரம் எழுதுன புத்தகத்துல ஒண்ணு கேக்கணும். எல்லாப் பக்கமும் ரெண்டு நிமிஷம் வருது. நூத்திப் பதிமூணு மட்டும் பதினொரு செகண்டு."

செல்வராணி உட்கார்ந்தார்.

"நான் ரயில்வேல தண்டவாள வேலை செஞ்சவன்" என்றார் கமலநாதன். "ரயில் சத்தம் கேட்டா எத்தன செகண்டுல எறங்கணும்னு எண்ணி எண்ணி, கண்ணு போயும் எண்ற பழக்கம் போகல. தப்பா எண்ணிட்டேனோன்னு நாலு வாட்டி போட்டுக் கேட்டேன்."

"அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்துச்சு பிரதர்."

போனில் ரயில் ஒன்று கடந்து போகும் ஓசை கேட்டது.

"கிழிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களே சிஸ்டர். நாப்பதாம் பக்கத்துல ஓரத்தப் பூச்சி அரிச்சிருக்கு, ரெண்டு வார்த்தை தெரியலன்னு சொன்னீங்க. அவ்வளவு சொன்னவங்க இதச் சொல்லாம விடுவீங்களா?"

பார்வையில்லாத மனிதரிடம் தாள் கிழிந்திருக்கிறது என்று பொய் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கமலநாதன் கோபப்படவில்லை. காரணத்தைச் சொன்னார். கண் நன்றாக இருந்த காலத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்திருக்கிறார். மகனைப் பறிகொடுத்த அந்த அம்மா தான் ஜெபிக்காமல் இருந்ததாக ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது நினைவிருக்கிறது, வார்த்தைகள் நினைவில்லை. "அப்ப எனக்குக் கோபம் சிஸ்டர். ஒரு விசுவாசி இப்படியா எழுதுறதுன்னு புத்தகத்த மூடி வச்சேன். இப்ப எனக்கு அந்தப் பக்கந்தான் வேணும்."

போன ஜூன் மாதம் அவருடைய மகள் லோஷினி டெங்கியில் ஐந்தே நாளில் இறந்துபோனாள். இருபத்தாறு வயது. அன்றிலிருந்து மனைவி ஞானமணி கோயில் பக்கம் போகவில்லை. சபைப் பெண்கள் கூட்டமாக வந்து தலையில் கைவைத்து, விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஜெபித்தார்கள். மூன்றாம் முறை வந்தபோது ஞானமணி கதவைத் திறக்கவில்லை.

"நான் சொன்னா கேக்க மாட்டா. நான் ஞாயித்துக்கிழம கெளம்புறதே அவளுக்குப் பொறுக்கல. அவ மலாய்ப் பள்ளில படிச்சவ, தமிழ் வாசிக்க வராது. அவளமாதிரி ஒருத்தி, அதுவும் உபதேசியார் பொண்டாட்டி, தன் வாயாலயே சொல்லியிருக்கான்னு அவ ஒரு வாட்டி கேட்டாப் போதும். அவ அண்ணன் தைப்பிங்ல இருக்காரு. அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. போனா திரும்பி வருவாளான்னு தெரியல சிஸ்டர்."

"பாக்குறேன் பிரதர்" என்றார் செல்வராணி.

புத்தகத்தை அலுவலகத்திலிருந்து வரவழைத்தார். முதல் வாரம் மைக்கைத் துடைத்தார். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டில் கூரை வேலை என்று தள்ளிப்போட்டார். அது ஒருநாள் வேலை. மூன்றாம் வாரம் உட்கார்ந்தார், பக்க எண்ணைச் சொன்னார், எழுந்து சமைக்கப் போனார்.

சாப்பிட வந்த தங்கராஜு மேசைமேல் விரித்துக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"என்னா ராணி, ஒரு பக்கத்துக்கு ஒரு மாசமா? சம்பளத்துக்கு வேலன்னா இந்நேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பான் உன்ன."

"நீங்கதான் வாசிச்சுக் குடுங்களேன்."

"பஸ் ஓட்றவன் வாசிச்சா கேக்குறவங்க தூங்கிருவாங்க." சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்தார். உதடு அசைந்தது. பக்கத்தின் பாதியில் அசைவு நின்றது. புத்தகத்தை இருந்தபடியே விரித்து வைத்துவிட்டு, வெளியே போய்க் காரைக் கழுவ ஆரம்பித்தார். அதை முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

நான்காம் வாரம் செல்வராணி ஹேமநாதனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்.

"அலமாக், இதுக்கா இவ்வளவு நாளு அக்கா? பெண் குரல் அஞ்சு இருக்காங்கள்ல, அவங்கள வாசிக்க வச்சு ஒட்டிர்றேன். பத்து நிமிஷ வேல. யாருக்கும் தெரியாது."

"அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்னா அக்கா? பக்கம் வந்துருச்சுல்ல."

சரி என்று சொல்லிவிட செல்வராணிக்கு ஆசைதான். போனைக் காதில் வைத்தபடியே பின்னறை வாசலில் நின்று சட்டைகளைப் பார்த்தார். பக்கத்தைப் பதினொரு விநாடியாக வெட்டியது அவர். வேறொரு பெண் வந்து ஏன் அடைக்க வேண்டும்? அதைவிட உள்ளே ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தீபன் போன நாளிலிருந்து அவரும் ஜெபிக்கவில்லை. புத்தகங்களில் இருக்கும் ஜெபங்களை மைக் முன்னால் வாசித்தார், கோயிலில் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். தனியாக, சொந்த வார்த்தையில், ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தை அவர் குரலில் வாசித்தால் அது வாசிப்பாக இருக்காது என்ற பயந்தான் இத்தனை நாளும்.

"நானே வாசிக்கிறேன் தம்பி. ஆனா வெட்டக்கூடாது. எப்படி வருதோ அப்படியே போகட்டும்."

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு உட்கார்ந்தார். எண்ணைச் சொன்னார். வாசித்தார்.

"அன்றிலிருந்து ஏழு மாதம் நான் ஜெபிக்கவில்லை. கோயிலுக்குப் போனேன், பாட்டு வந்தபோது உதட்டை அசைத்தேன். என் பிள்ளையின் செருப்பு தொட்டிப் படியில் ஜோடியாக இருந்தது. அதைச் சேர்த்து வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது…"

அங்கே நின்றுவிட்டார். கை தானாக உயர்ந்தது, தட்டவில்லை. மைக் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு சரியானதும் தொடர்ந்தார்.

"கடவுளிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வந்தது என்று இங்கே எழுதினால் என் சாட்சி பொய்யாகிவிடும்."

கடைசி வரிவரை வாசித்து முடித்தபோது மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி ஆகியிருந்தது.

தங்கராஜுவுக்கு விடுப்பு கிடைத்தது சனிக்கிழமை. இருவரும் லாயாங் லாயாங்குக்குக் காரில் போனார்கள். கமலநாதனின் வீடு ரயில் பாதையிலிருந்து கல்லெறி தூரம். கதவு திறந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் சோற்றுப் பானைக்கு அருகில் சார்டின் டின்னைத் திறந்துகொண்டிருந்தார்.

"மூணாம் நம்பர் சிஸ்டரா? செருப்பக் கழட்டாதீங்க, வீடு பெருக்கல" என்றார். பிறகு, "அவ போயிட்டா சிஸ்டர். வியாழக்கிழம அண்ணன் வந்துட்டாரு."

செல்வராணி வாசலிலேயே நின்றார். வியாழன், வெள்ளி, சனி. இரண்டு நாள் பிந்திவிட்டது. கூரை வேலை என்று தள்ளிப்போட்ட வாரம் முழுசாக ஏழு நாள்.

"நான்தான் லேட் பண்ணிட்டேன் பிரதர். பக்கம் கிழியல. நான் பொய் சொன்னேன்."

"அது அன்னைக்கே தெரியும். உக்காருங்க. கொண்டாந்தீங்களா?"

கார்டைப் பெட்டியில் போட்டுப் பொத்தானை அமுக்கினார். தங்கராஜு உள்ளே வரவில்லை, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வராணியின் குரலே அந்தச் சின்ன வீட்டில் அவர் எதிரில் பேசியது. கமலநாதன் தலையைக் குனிந்து, விரல்களால் தொடையைத் தட்டி எண்ணிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நிறுத்தினார்.

"செருப்புக்கு அப்புறம் பத்தொம்பது செகண்டு சும்மா ஓடுது. அங்க என்னா?"

"நான் அழுதேன்."

"வெட்டலியா?"

"வெட்டல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "யாரு சிஸ்டர் உங்களுக்கு?"

"மகன். தீபன்."

"எத்தன வருஷம்?"

"அஞ்சாகப் போவுது."

"அப்புறமா ஜெபம் பண்ணீங்களா?"

"புத்தகத்துல இருக்கிறத."

கமலநாதன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். கூப்பிடத் தெரியும், அனுப்பத் தெரியாது. "நான் கூப்பிட்டா அவ எடுக்க மாட்றா. இத மட்டும் அனுப்பிவிட்ருங்க. படிக்கவா வேணும், கேட்டாப் போதும்."

செல்வராணி பதிவைத் தன் கைப்பேசியிலிருந்து அதற்கு மாற்றினார். ஞானமணி என்ற பெயரைத் தேடி எடுத்தார். அதற்கு மேலே, மூன்று நாளில் அவர் கூப்பிட்டு எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக இருந்தன. பதிவை அனுப்பினார்.

"ரெண்டு டிக் வரும்னாங்க. கேட்டுட்டா நீலமாவும்னாங்க" என்றார் கமலநாதன். "கொஞ்ச நேரம் பாத்துச் சொல்றீங்களா?"

காத்திருந்தார்கள். தங்கராஜு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். கமலநாதன் சோற்றைத் தட்டில் போட்டு, தொடாமல் வைத்திருந்தார். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்டார். தென்பக்கம் போகும் ரயில் ஒன்று கடந்தது.

"இப்ப நீலமாச்சா சிஸ்டர்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அந்த மனிதர் சாப்பிடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை. செல்வராணி திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், பழைய பழக்கத்தில் ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார்.

"இல்ல பிரதர். ரெண்டும் சாம்பலாத்தான் இருக்கு."

"போயாவது சேந்துச்சா?"

"சேந்துருச்சு. இன்னும் கேக்கல."

"சரி" என்றார் அவர். "இருக்கிறத இருக்கிறபடி சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களக் கேட்டேன்."

திரும்பும் வழியில் சிம்பாங் ரெங்கம் டோல் தாண்டியதும், தங்கராஜு பாதையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பையன் செருப்ப யாரு சேத்து வச்சிருப்பாங்க ராணி?"

"தெரியாதுன்னுதாங்க போட்டிருக்கு."

அவர் தலையாட்டினார்.

இது நடந்து ஏழு வாரமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பார்த்துச் சொல்கிறார்; டிக் இன்னும் நீலமாகவில்லை. எழுபது கார்டுகளிலும் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தை ஹேமநாதன் மாற்றி ஏற்றிக்கொண்டிருக்கிறார், நாற்பத்தெட்டு முடிந்திருக்கின்றன. வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் செல்வராணி முப்பத்திரண்டாவது புத்தகத்தைத் தொடங்குகிறார்.